மகளின் நெஞ்சுக்குள் ஒரு கிளாலிப் பாதை

(எமது சங்கத்தின் பெண்கள் பிரிவு ஒழுங்கு செய்த சுகாதாரக் கருத்தரங்கில் ஒரு தாய் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியவாறே தரப்படுகிறது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்து கேட்டபோது, "ஒரு டொக்டரைக் கூப்பிடுங்கோ அக்கா" என்றுதான் சொன்னேன். "டொக்டர் போன வருசம் பேசினவர், சனம் பாதி நித்திரை. நீ உன்ர பிள்ளையின்ர கதையைச் சொல்லு" என்றா. பிள்ளையிடம் கேட்டேன். பெயரைச் சொல்லாமல் பேசுவதென்றால் சரி என்றாள். பின்வரிசையில் வடைத்தட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

என் மகள் 2003ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் லண்டனில் பிறந்தாள். அவளின் இருதயத்தில் இருந்து சுவாசப்பைக்குப் போகவேண்டிய பெரிய இரத்தக் குழாய் பிறவியிலேயே அடைபட்டுப் போயிருந்தது. அதற்குப் பதிலாக, சாதாரணமாக ஒருவருக்கும் இராத வேறு குழாய்கள் அவளின் சுவாசப்பைக்கு இரத்தம் கொண்டுபோய்க் கொண்டிருந்தன. இது எங்களுக்கு ஆறு கிழமையாகத் தெரியாது. வயிற்றில் இருக்கையில் எடுத்த ஸ்கானிலும் பிடிபடவில்லை.

இருதய வருத்தம் உள்ள பிள்ளை என்றால் நீலமாக இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். என் பிள்ளை நீலமாக இருக்கவில்லை. நல்ல நிறமாகத்தான் இருந்தாள். ஆனால் பால் குடிக்கத் தொடங்கினால் இரண்டு நிமிசத்தில் களைத்துப் போவாள். நெற்றியெல்லாம் வேர்க்கும். டிசம்பர் குளிரில் ஒரு கைக்குழந்தைக்கு ஏன் வேர்க்குது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கும். நிறை கூடவில்லை. மாமி "சளி, ஓமத்தண்ணி குடு" என்றா. ஜீ.பி.யிடம் இரண்டு தரம் காட்டினோம். அங்கேயும் சளி என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் தரம் வேறொரு இளம் டொக்டர் இருந்தா. அந்தப் பிள்ளை ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டு, பிறகு மகளைக் குப்புறப் பிடிக்கச் சொல்லி முதுகிலும் வைத்துக் கேட்டா. நல்லநேரம் கேட்டா. முகம் மாறிப்போச்சு. முதுகுப் பக்கம் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்டது, பக்கக் குழாய்களுக்குள்ளால் இரத்தம் பாயும் சத்தம் அது என்று பின்னர் அறிந்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டா.

அது நத்தார்க் கிழமை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கிடைக்கவில்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது "யெஸ்", "நோ", "தாங்யூ" மட்டும்தான் துணை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் மகன் என்னோடு நின்றான். அவனுக்கு ஒன்பது வயது. டொக்டர் ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு பேப்பரில் படம் கீறிக் கீறி நெடுநேரம் கதைத்தார். மகன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, தங்கச்சிக்கு நெஞ்சுக்குள்ள ஒரு றோட்டு பூட்டியிருக்காம். வேற சின்ன றோட்டுகளாலதான் இரத்தம் போகுதாம். ஒரு ரெஸ்ற் செய்ய வேணுமாம்" என்றான். "வேற என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். "வேற ஒண்டும் இல்லை. அவசரம் இல்லையாம்" என்றான்.

அந்தப் பேப்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. றோட்டு என்று பிள்ளை சொன்ன உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நீங்களும் பொறுமையாகக் கேட்டால் உங்களுக்கும் விளங்கும்.

ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் இருதயத்தின் படத்துக்கு நீலமும் சிவப்பும் நிறந்தீட்டினோம் அல்லவா? உடம்பெல்லாம் ஓடிக் களைத்து ஒட்சிசன் குறைந்த இரத்தம் வலது பக்கத்துக்கு வரும். வலது இதயவறை அதை நுரையீரல் நாடி வழியாகச் சுவாசப்பைக்கு அனுப்பும். அங்கே ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு இடது பக்கத்துக்கு வந்து, பெருநாடி வழியாகத் திரும்பவும் உடம்புக்குப் போகும். என் மகளுக்கு அந்த நுரையீரல் நாடியின் வாசல் பூட்டு. இரண்டு இதயவறைகளுக்கும் நடுச்சுவரில் ஓர் ஓட்டை. ஆகவே நீல இரத்தமும் சிவப்பு இரத்தமும் கலந்து, எல்லாம் பெருநாடிக்குள்ளேயே போகும்.

அப்படியென்றால் சுவாசப்பைக்கு இரத்தம் எப்படிப் போனது? 1990ஆம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, ஆனையிறவால் போகும் கண்டி வீதி பூட்டுப்பட்டது. அதற்காக யாழ்ப்பாணத்துச் சனம் போகாமல் வராமல் இருந்ததோ? கொம்படி, ஊரியான் என்று சேற்றுக்குள்ளாலும் தண்ணிக்குள்ளாலும் போனோம். பிறகு கிளாலியில் இரவிரவாக வள்ளம் ஏறினோம். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, கொடிகாமத்தில் இரண்டு மாதம் இருந்து, 1996 தை மாதம் இந்த மகனை மடியில் வைத்துக்கொண்டு நானும் கிளாலி கடந்தவள்தான். வெளிச்சம் இல்லை. பிள்ளை அழக்கூடாது என்று வாயில் சீனி வைத்தேன். அந்தப் பாதை இல்லாவிட்டால் எத்தனையோ பேர் தப்பியிருக்க மாட்டோம். அந்தப் பாதையிலேயே எத்தனையோ பேர் செத்தும் போனார்கள்.

என் மகளின் நெஞ்சுக்குள் இருந்ததும் அப்படியான பாதைதான். கருவில் சுவாசப்பை முளைவிடும் முதல் கிழமைகளில், பெருநாடியில் இருந்து சின்னச் சின்னக் குழாய்கள் நேரே அதற்கு இரத்தம் கொடுக்குமாம். நுரையீரல் நாடி வளர்ந்து வந்து சேர்ந்ததும் அவை சுருங்கி மறைந்துவிடும். பெருவழி திறக்காத பிள்ளைக்கு அவை மறைவதில்லை. அப்படியே நின்று பருத்துவிடும். டொக்டர்மார் சுருக்கமாக 'மப்காஸ்' என்று சொல்வார்கள். பெருநாடியில் இருந்து சுவாசப்பைக்குப் போகும் பெரிய பக்க நாடிகள் என்பது கருத்து. ஒரு பிள்ளைக்கு இரண்டு இருக்கும், இன்னொரு பிள்ளைக்கு ஆறு இருக்கும். எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதும் பிள்ளைக்குப் பிள்ளை வேறு.

பிள்ளை உயிரோடு இருந்ததே அந்தக் குழாய்களால்தான். பிறகு அவற்றை ஏன் தொடவேண்டும் என்று நானும் கேட்டேன். கிளாலியால் நெடுகப் போய் வரலாமோ? சில குழாய்கள் நாள் போகப் போக ஒடுங்கும். அவை போகும் பகுதிக்கு இரத்தம் காணாது, பிள்ளை நீலமாகும். வேறு சில ஒடுக்கமே இல்லாமல் அகலமாக இருக்கும். அது நல்லதுதானே என்று நினைத்தேன். அதுதான் பெரிய ஆபத்தாம். பெருநாடிக்குள் இருக்கும் அழுத்தம் சுவாசப்பைக் குழாய்களுக்கு உரிய அழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த வேகத்தில் இரத்தம் போய் மோதினால் சுவாசப்பைக்குள் உள்ள மெல்லிய குழாய்கள் தடித்து இறுகிப்போகும். இறுகினால் பிறகு எந்தச் சத்திரசிகிச்சையாலும் அவற்றை இளக்க முடியாது. என் பிள்ளை சிவப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அளவுக்கு மிஞ்சிய இரத்தம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நல்ல நிறம் என்று பார்த்துச் சந்தோசப்பட்ட நிறம் அது.

இதெல்லாம் இன்றைக்கு நான் கோர்வையாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மகன் சொன்ன இரண்டு வசனம் மட்டும்.

இனிச் சொல்லப்போவது என் பிழை. சோதனைக்கு 2004 தை மாத நடுவில் திகதி தந்தார்கள். அது பொங்கல் கிழமை. பேர்மிங்ஹாமில் இவரின் தமையன் வீட்டில் எல்லாரும் கூடுவதாக இருந்தது. அவசரம் இல்லை என்றுதானே டொக்டர் சொன்னவர் என்று, அத்தானைக் கொண்டு ரெலிபோன் எடுப்பித்துத் திகதியைப் பின்போடச் சொன்னோம். அடுத்த திகதி மாசி முழுக்கக் கிடைக்கவில்லை. பங்குனியில்தான் கிடைத்தது. இரண்டு மாதம் போச்சு. அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை மெலிந்து, விலா எலும்பு எண்ணலாம் போல வந்துவிட்டாள்.

சோதனை என்பது தொடை மடிப்பில் உள்ள இரத்தக் குழாய்க்குள்ளால் ஒரு மெல்லிய குழாயை விட்டு, இருதயம் வரை கொண்டுபோய், மருந்து அடித்துப் படம் எடுப்பது. மகளுக்கு நாலு பக்கக் குழாய்கள் இருந்தன. மூன்று பெருநாடியில் இருந்து. ஒன்று இடது கைக்குப் போகும் நாடியில் இருந்து. வலது சுவாசப்பைக்குப் போன ஒன்று ஊசிக்கண் போல ஒடுக்கம். இடது சுவாசப்பையின் கீழ்ப்பக்கத்துக்குப் போனது வாய்க்கால் போல அகலம். அந்த அகலமான குழாயைக் காட்டித்தான், இனிப் பிந்தக்கூடாது என்றார்கள். அந்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தா. வட்டுக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர். "பிள்ளை, நீ இதைக் கட்டாயம் கேட்கவேணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாகச் சொன்னா. சத்திரசிகிச்சை செய்தாலும் பிள்ளை தப்பாமல் போகலாம் என்பதை முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று எனக்கு டொக்டரில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பன்னிரண்டு வருசம் வைத்திருந்தேன்.

2004 ஆனி மாதம், ஏழு மாதப் பிள்ளையாக, காலை எட்டு மணிக்குக் கொண்டுபோனார்கள். இரவு ஒன்பது மணிக்குத்தான் முடிந்தது. நெஞ்சை நடுவால் திறந்து, அந்த நாலு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, பெருநாடியில் இருந்து கழற்றி, ஒடுங்கின இடத்தை அகலமாக்கி, நாலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, பிறக்கும்போது இல்லாத நுரையீரல் நாடியை அந்தக் குழாய்களாலேயே செய்தார்கள். பிறகு வலது இதயவறையில் இருந்து அதற்கு ஒரு குழாய் வைத்து இணைத்தார்கள். அந்தக் குழாய் யாரோ ஒரு மனிதர் இறந்தபின் அவருடைய குடும்பம் கொடுத்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போனால் என் வீட்டாட்களின் பெயர்களோடு அவருக்கும் ஒரு கற்பூரம் கொளுத்துவேன்.

மூன்று நாள் நெஞ்சை மூடாமல், மெல்லிய உறையால் மூடி வைத்திருந்தார்கள். வீக்கம் வற்றினபிறகுதான் மூடுவார்களாம். அதைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை.

நடுச்சுவர் ஓட்டையை அன்றைக்கு அடைக்கவில்லை. புதுப்பாதையால் போகும் இரத்தத்தைச் சுவாசப்பை தாங்குதோ என்று பார்த்து, 2006இல் அடைத்தார்கள். அதோடு நீலமும் சிவப்பும் பிரிந்தன. வைத்த குழாய் பிள்ளையோடு வளராது என்பதால் 2013இல் திரும்பவும் நெஞ்சைத் திறந்து பெரிய குழாய் மாற்றினார்கள். 2022இல் அந்தக் குழாயின் வால்வு பழுதாகியபோது நெஞ்சைத் திறக்கவே இல்லை. கால் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து தானே தேத்தண்ணி போட்டுக் குடித்தாள். அப்படி முதன்முதலில் பரிஸில் 2000ஆம் ஆண்டு பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்குச் செய்தவர் பிலிப் பொன்ஹோபர் என்ற டொக்டர். அந்தப் பையனுக்கும் என் மகளைப்போல நுரையீரல் நாடி அடைப்புத்தான்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வருசங்களில், ஆங்கிலம் பிடிபட்ட பிறகு, இந்த வைத்தியம் எங்கேயிருந்து வந்தது என்று தேடித் தேடி வாசித்தேன். ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் போல்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹெலன் ரொசிக் என்று பிள்ளைகளின் இருதய டொக்டர் ஒருவர். காது சரியாகக் கேளாத மனுசி, பிள்ளைகளின் நெஞ்சைக் கையால் தொட்டே துடிப்பை அறிவாவாம். சுவாசப்பைக்கு இரத்தம் போதாத நீலப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கப் பாதை வெட்டினால் என்ன என்பது அவவின் யோசனை. 1944 நவம்பர் 29ஆம் திகதி, அல்பிரட் பிளலொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கைக்குப் போகும் நாடியைத் திருப்பி ஒரு குழந்தையின் நுரையீரல் நாடியில் தைத்தார். மனிதர் கையால் வெட்டின கிளாலிப் பாதை அது. அந்தத் தையலை முதலில் நாய்களில் செய்து செய்து பழகியவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பினத்தவர். அவர் டொக்டர் இல்லை, ஆய்வுகூட உதவியாளர். அன்றைக்கு ஒரு முக்காலியில் ஏறி பிளலொக்கின் தோளுக்குப் பின்னால் நின்று, எப்படித் தைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். கனகாலம் அந்தச் சத்திரசிகிச்சைக்கு மற்ற இருவரின் பெயர் மட்டும்தான் இருந்தது. 1976இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. இப்போது அவரின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நிறம் பார்த்து ஒதுக்கப்பட்ட மனிதனின் கைப்பழக்கத்தில் எத்தனை பிள்ளைகள் பிழைத்தன என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

என் மகளைப்போன்ற பிள்ளைகளின் பக்கக் குழாய்கள் எப்படி வளர்கின்றன, எப்படி ஒடுங்குகின்றன என்பதை லண்டனில் ஷீலா ஹோவர்த், பேர்கஸ் மக்கார்ட்னி என்ற இருவர் 1980இல் விரிவாக எழுதினார்கள். முன்பெல்லாம் விலாவுக்குள்ளால் வெட்டி, இடம் வேறு வலம் வேறாகப் பல தடவையில் இந்தக் குழாய்களைச் சேர்ப்பார்களாம். 1992 தொடக்கம் சான் பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஹான்லி என்பவர் நெஞ்சை நடுவால் திறந்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்க்கத் தொடங்கினார். அதாவது நான் கிளாலி கடப்பதற்கு நாலு வருசம் முன்னர்தான். என் மகள் பத்துப் பதினைந்து வருசம் முந்திப் பிறந்திருந்தால் வேறு கதை.

1993இல் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருந்தது. உதடு நாவற்பழம் போல. நாலடி நடந்தால் குந்திவிடும். கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லி, தாய் பாஸுக்கு அலைந்துகொண்டிருந்தா. பிள்ளை பாஸ் வருமட்டும் இருக்கவில்லை. அதற்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியாது. "தாய் கிரகணத்தில் வெளியில் போனவள்" என்று ஊர் சொன்னது மட்டும் தெரியும்.

அந்தக் கதை லண்டனிலும் என்னைத் தேடி வந்தது. நான் பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்த 2003 மே மாதம் சந்திர கிரகணமும் வந்தது, சூரிய கிரகணமும் வந்தது. மாமி அதைக் கணக்குப் பார்த்து எடுத்துவிட்டா. நான் எட்டு மாதம் அழுதேன். பிறகு கிளினிக் நேர்ஸ் ஒருவவிடம் வெட்கத்தோடு கேட்டேன். அவ சிரிக்கவில்லை. கலண்டரை எடுத்து எண்ணிக் காட்டினா. பிள்ளையின் இருதயமும் பெரிய குழாய்களும் கருத்தரித்து எட்டுக் கிழமைக்குள் உருவாகி முடிந்துவிடும். கிரகணம் வந்தது அதற்குப் பிறகு. வீட்டுக்கு வந்து மாமிக்கும் அதே கலண்டரைக் காட்டினேன். "அப்ப சரி" என்றா. அவ்வளவுதான்! அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை இரவு.

ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு 22ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சின்னத் துண்டு குறைந்திருக்கும். இரத்தத்தில் சோதிக்கலாம். மகளுக்குச் சோதித்தார்கள், இல்லை. எந்த விதமானதென்றாலும் இருதயக் குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கோ. எங்கள் வீடு மட்டும் இல்லை. சொல்லாத வீடுகளும் இருக்கின்றன.

இனி மகனிடம் வருகிறேன். 2016இல் அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு நாள் இரவு சமையலறையில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கையில், அந்த முதல் டொக்டரைத் திட்டினேன். "ஒரு தாய்க்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்ட மனிசன்" என்றேன். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "அவர் சொன்னவர் அம்மா. ஒப்பரேசன் செய்யாட்டிக் கனகாலம் இருக்க மாட்டாள், கெதியா ரெஸ்ற் செய்யவேணும், செய்தாலும் சாகலாம் எண்டு சொன்னவர். நான்தான் சொல்லேல்லை. எனக்குத் தமிழில அந்தச் சொல்லுத் தெரியும். உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரேல்லை."

அவசரம் இல்லை என்றது டொக்டர் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. நான் பொங்கலுக்குப் போன இரண்டு மாதமும் அவன் இரவில் எழும்பித் தங்கச்சியின் மூக்கடியில் கை வைத்து மூச்சு வருதோ என்று பார்த்திருக்கிறான். நான் அதைக் கண்டிருக்கிறேன். தங்கச்சியில் பாசம் என்று நினைத்தேன். அவன் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வருவதும் அதற்குத்தான். பன்னிரண்டு வருசம் ஒரு குழந்தை அதைத் தனியே சுமந்திருக்கிறது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, இல்லாவிட்டால் அவன் எதைச் சுமந்திருப்பான் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

ஆகவே அன்பான தாய்மாரே, ஒரு விசயத்தில் நான் உங்களிடம் பிடிவாதமாக நிற்கிறேன். பிள்ளைகளை டொக்டரிடம் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. தடிமன் காய்ச்சலுக்கும் வேண்டாம், ஏனென்றால் எது தடிமன் என்று போகும்போது தெரியாது. இந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை, காசும் இல்லை. ஆள் இல்லையென்றால் ரெலிபோனில் ஆள் எடுக்கச் சொல்லுங்கோ. நோயின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கோ. உடனே தரும் கடிதங்களை லாச்சிக்குள் போடாமல் ஒரு பைலில் அடுக்கி வையுங்கோ. என் பைல் இப்போது இரண்டு அங்குலத் தடிப்பு.

பல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். கேட்கச் சிரிப்பாய் இருக்கும். பழுதான பல்லில் இருந்து கிருமி இரத்தத்துக்குள் போய், இருதயத்தில் தைத்த குழாயிலோ வால்வு வைத்த இடத்திலோ குடியேறலாம். அது உயிராபத்து. பல் டொக்டரிடம் போகும்போது இருதயக் கதையை முதலே சொல்லவேண்டும். முன்கூட்டி மருந்து தேவையோ இல்லையோ என்பதை உங்கள் இருதய டொக்டரிடம் கேட்டு வையுங்கோ. நாட்டுக்கு நாடு முறை வேறு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற ஆட்களும் கவனம். நீலமாக இருக்கும் பிள்ளைகளின் இரத்தம் தடிப்பு. ஆவணி வெயிலில் வயிற்றோட்டமும் சத்தியும் வந்து உடம்புத் தண்ணி வற்றினால் அது இன்னும் தடித்து உறையப் பார்க்கும். மற்றப் பிள்ளைக்கு வந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். இந்தப் பிள்ளைக்கு உடனே டொக்டர்.

கடைசியாகத் தழும்பு. 2015இல் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தோம். அப்போது சொந்தக்காரர் எல்லாரும் ஒரே வார்த்தை: "கழுத்து மூடின சட்டை தைப்பியுங்கோ, நாளைக்குக் கலியாணம் பேசவேணும்." நானும் துணி வாங்கிவிட்டேன். மகள் தையல்காரியிடம் தானே கதைத்து, தான் விரும்பின கழுத்தை வெட்டுவித்துக்கொண்டு வந்தாள். படங்களில் தழும்பு தெரியும். அந்த அல்பத்தை இப்போது நான்தான் எல்லாருக்கும் காட்டுகிறேன்.

வருத்தத்தை மறைத்துக் கட்டிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். கர்ப்பமாக இருக்கும்போது உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய அரைவாசி கூடும். தைத்துக் கட்டின இருதயம் அதைத் தாங்குமோ என்பதை முதலே பார்த்துச் சொல்லப் பெரியவர்களுக்கான பிறவி இருதயக் கிளினிக் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாத பெண் அந்தக் கிளினிக்குக்கு எப்படிப் போவாள்? இளம் பிள்ளைகளும் பதினெட்டு வயதில் சிறுவர் கிளினிக்கை விட்டு வந்ததும், சுகமாகத்தானே இருக்கிறோம் என்று போகாமல் விடுகிறார்கள். வால்வு பழுதாகும்போது சத்தம் போடாது. மகளுக்கு 2022இல் பழுதானபோது அவளுக்கு ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. ஸ்கானில்தான் பிடிபட்டது.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. படிக்கிறாள், வேலையும் செய்கிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள். மாடிப்படி ஏறினால் மற்றவர்களை விடக் கொஞ்சம் களைப்பாள். மகன் இன்றைக்கும் ரெலிபோன் எடுத்தால் முதலில் தங்கச்சியைத்தான் கேட்பான்.

யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை தேவையென்றால் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கோ. எந்த நாள் என்றாலும் வருவேன், பொங்கல் என்றாலும். அடுத்த மாதம் மகளுக்கு ஸ்கான் இருக்கிறது. இந்த முறை நான் உள்ளே வரத் தேவையில்லையாம், வெளியில் கதிரையில் இருந்தால் போதுமாம். டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் விடாமல் வந்து சொல்லுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.